காத்திருக்க முடிந்தவர்களின் சட்டம்

கால் சென்டரை மூடும்போது யாரும் 'மூடுகிறோம்' என்று சொல்வதில்லை. 'ப்ராசஸ் ரேம்ப் டவுன் ஆகிறது' என்பார்கள். 'கிளையன்ட் மணிலாவுக்குப் போகிறார்' என்பார்கள். பிறகு ஒவ்வொருவராக ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டு, ஏற்கெனவே டைப் செய்து வைத்திருக்கும் ஒரு தாளை நீட்டுவார்கள். நம்மை வேலையிலிருந்து எடுப்பதாக அதில் ஒரு சொல்கூட இருக்காது. 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்' என்றுதான் இருக்கும். கம்பெனி கடையைக் கட்டுகிறது, காகிதத்திலோ நாம்தான் விட்டுவிட்டு ஓடுகிறோம்.

2013இல் நானும் அந்த அறைக்குள் உட்கார்ந்தேன். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அந்தப் பெயருக்கு இப்போது ஆள் இல்லை, அந்த வேலையைச் செய்ய ஆயிரம் பெயர்கள் இருக்கின்றன. சானடோரியத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கட்டடம். ஒரு வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனத்தின் பில் தகராறுகளை இரவெல்லாம் பேசித் தீர்ப்பது எங்கள் வேலை. எனக்கு 3 ஆண்டு 8 மாத சர்வீஸ். கையில் வருவது மாதம் 12,000 ரூபாய். ஃபோனில் என் பெயர் கெவின். (சாதி கேட்காத ஒரே பெயர் எனக்கு அதுதான். காலை ஆறு மணிக்கு கேப் தெருமுனையில் இறக்கிவிட்டதும் அது போய்விடும்.)

அன்று எங்கள் ஃப்ளோரில் எண்பது பேர் வரை இருந்தோம். கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஒரு மாதச் சம்பளம், ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். போடாவிட்டால் ஒரு வாரத்துக்குள் நொய்டா கிளையில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் 'வேலைக்கு வராமல் ஓடியவர்' என்று பதிவாகும், அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷனில் கேட்டால் அதைத்தான் சொல்வோம் என்றார்கள். மிரட்டலைச் சிரித்த முகத்தோடு சொல்லத் தெரிந்தவரைத்தான் ஹெச்.ஆரில் உட்கார வைக்கிறார்கள்.

ஏன் ராஜினாமா? 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் ஆட்குறைப்பு என்றால் என்ன என்று வரையறுத்திருந்தது. தொழிலாளி தானாக விலகினால் அது ஆட்குறைப்பு ஆகாது. ஆட்குறைப்பு என்றால் பிரிவு 25-எஃப் வந்துவிடும். ஓராண்டு, அதாவது 240 நாள், வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதத்தின் சம்பளம் தர வேண்டும். ஒவ்வோர் ஆண்டு சர்வீஸுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும், கடைசியில் ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் அதையும் ஓர் ஆண்டாக எண்ண வேண்டும். அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். ஒட்டுமொத்தமாக மூடினாலும் 25-எஃப்.எஃப்.எஃப். இதே தொகையைத்தான் சொன்னது. 'நஷ்டம் வந்துவிட்டது' என்பதைத் தவிர்க்க முடியாத காரணமாகக் காட்டித் தொகையைக் குறைக்க முடியாது என்று அந்தப் பிரிவிலேயே விளக்கம் இருந்தது.

என் கணக்கைப் போடுகிறேன். 3 ஆண்டு 8 மாதம் என்பது 4 ஆண்டு. நான்கு 15 நாள் என்றால் 60 நாள், 24,000 ரூபாய். நோட்டீஸுக்கு 12,000. மொத்தம் 36,000. கையெழுத்துப் போட்டால் 12,000. ஆக, அந்த அறையில் ஒரு கையெழுத்தின் விலை 24,000 ரூபாய். எண்பது பேருக்குப் பெருக்கிப் பாருங்கள், ஹெச்.ஆர். ஏன் அத்தனை கனிவாகப் பேசினார் என்று புரியும்.

கையெழுத்துப் போடாதவர்கள் ஏழு பேர். நான் அதில் ஒருவன். இதில் என் வீரம் ஒன்றுமில்லை. அப்பா ரயில்வேயில் நிரந்தரத் தொழிலாளி, தாம்பரம் பணிமனையில் வேலை. எஸ்.சி. ஒதுக்கீட்டில் உள்ளே போனவர். வீட்டில் அவர் சம்பளமும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது, சங்கம் என்றால் என்ன, சமரசப் பேச்சு என்றால் என்ன என்று சொல்லித்தர ஆளும் இருந்தது. "எதுலயும் கையெழுத்துப் போடாத, நாலு நாள் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்று அவரால் சொல்ல முடிந்தது. மற்ற ஆறு பேரையும் பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒருவரின் அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. ஒருவருக்குச் சொந்த வீடு, கீழ்த்தளம் வாடகைக்கு விட்டிருந்தார்கள். எல்லோர் வீட்டிலும் அந்த மாதத்தை ஓட்ட வேறு ஏதோ ஒன்று இருந்தது.

எங்களில் நன்றாக வாதாடத் தெரிந்தவள் கையெழுத்துப் போட்டாள். முடிச்சூர் பக்கம் ஒரு காலனி, குடும்பத்தில் முதல் பட்டதாரி. எங்கள் டீமிலேயே அதிகம் கோபப்படும் வாடிக்கையாளரை அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். பிரிவு 25-எஃப் என்ற எண்ணை எங்களுக்குத் தேடிக் கொடுத்ததே அவள்தான். அறைக்குள் போய் மூன்று நிமிடத்தில் வெளியே வந்தாள். நான் ஏதோ கேட்கப் போனேன். அவள் சொன்னாள்: "நீ நிக்கலாம்டா. உங்க வீட்ல ஒண்ணாந்தேதி அப்பா சம்பளம் வரும். எங்க வீட்ல ஒண்ணாந்தேதி நான்தான்."

தோழர்களே, இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அவள் சொன்ன அந்த மூன்று வாக்கியம்தான். தொழிலாளர் சட்டம் இருக்கிறது. அது கால் சென்டருக்கும் பொருந்தும். ஆனால் அதன் ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் ஒரு காத்திருப்பு இருக்கிறது. சமரச அலுவலரிடம் மனு. 45 நாள். பிறகு தொழிலாளர் நீதிமன்றம். அங்கே வாய்தா, வாய்தா, வாய்தா. அந்த நாட்களில் வாடகை யார் தருவது? காத்திருப்பதற்கு வேண்டிய நிலம், சேமிப்பு, சொந்தக்காரர்களின் கடன், அரசு வேலை ஆகியவை எந்தத் தெருக்களில் இருக்கின்றன, எந்தத் தெருக்களில் இல்லை என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அப்பாவின் இடஒதுக்கீடு எனக்கு வேலை தரவில்லை. தனியார் துறையில் அது செல்லாது. ஆனால் வேலை போனபோது ஐந்து மாதம் 'முடியாது' என்று சொல்லும் தெம்பைத் தந்தது. இடஒதுக்கீட்டைப் பற்றி ஆயிரம் விவாதம் கேட்டிருக்கிறேன், இந்த வரவை யாரும் கணக்கில் எழுதிப் பார்த்ததில்லை.

ஐந்து மாதத்தில் நான்கு முறை சமரசப் பேச்சு. கம்பெனி வக்கீல் முதல் இரண்டு முறை நேரம் கேட்டார். மூன்றாவது முறை 'இவர்கள் தொழிலாளர்களே அல்ல, எக்ஸிக்யூட்டிவ்கள்' என்றார். எங்கள் பணி நியமனக் கடிதத்தில் 'கஸ்டமர் கேர் எக்ஸிக்யூட்டிவ்' என்றுதான் இருந்தது. நான்காவது முறை 36,000 ரூபாய்க்கு காசோலை வந்தது. அவளுக்கு வரவில்லை.

பட்டத்தை வைத்து விளையாடும் இந்த ஆட்டம் பெரிய இடங்களிலும் நடந்ததுதான். 2014 கடைசியில் டி.சி.எஸ். ஆட்களை வெளியேற்றத் தொடங்கியபோது சென்னையில்தான் எதிர்ப்பு முளைத்தது. ஐ.டி. ஊழியர்களுக்கான மன்றம் அப்போது உருவானதுதான். 2015 ஜனவரியில், கர்ப்பிணியான ஒரு ஊழியரை நீக்கியதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. கம்பெனி அந்த நீக்கத்தைத் திரும்பப் பெற்றது. 2016இல் தமிழ்நாடு தொழிலாளர் துறை, ஐ.டி. நிறுவனங்களுக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று எழுத்தில் தெளிவுபடுத்தியது. அதற்கு முன்னால் 'எங்களுக்கு விதிவிலக்கு' என்று எத்தனை ஹெச்.ஆர்.கள் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! அந்த 2015 நீக்கத்தில் வேலை இழந்த இன்னொருவர் விடாமல் வழக்கு நடத்தினார். மேனேஜர் என்பது வெறும் பட்டம், அவர் செய்தது தொழில்நுட்ப வேலை, ஆகவே அவர் தொழிலாளியே என்று சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் 2022இல் சொல்லி, பின்சம்பளத்தோடு மீண்டும் வேலை தர உத்தரவிட்டது.

நல்ல தீர்ப்பு. அதை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏழு ஆண்டு என்பதையும் படியுங்கள்.

இனி அதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் போவோம். மறைமலை நகரில் ஃபோர்டு கார் ஆலை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தது. அங்கே தொழிலாளர்களுக்குச் சங்கம் இருந்தது. கம்பெனி சொன்ன தொகை போதாது என்று 2022 கோடையில் வேலையை நிறுத்தினார்கள், மாதக்கணக்கில் பேரம் பேசினார்கள். கடைசியில் ஓர் ஆண்டு சர்வீஸுக்குச் சட்டம் சொல்லும் 15 நாளைப் போலப் பல மடங்கு நாட்களின் சம்பளம் வாங்கினார்கள்.

ஒரே சாலையில் ஒரு பக்கம் அது, மறு பக்கம் ஒரு மாதச் சம்பளமும் ஒரு லெட்டரும். சங்கம் இருந்ததும் இல்லாததும் பெரிய காரணம். இன்னொன்றும் உண்டு. நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்று பழைய சட்டத்தின் 5-பி அத்தியாயம் சொன்னது அல்லவா, அது தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் மூன்றுக்கு மட்டும்தான். கம்ப்யூட்டர் வைத்திருப்பதாலேயே ஒரு இடம் தொழிற்சாலை ஆகிவிடாது என்று 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் விளக்கம் சேர்த்துவிட்டார்கள். ஆயிரம் பேர் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருந்தாலும் அது ஆலை ஆகாது. மூட 60 நாள் முன்னதாக அரசுக்கு நோட்டீஸ் கொடுத்தால் போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அந்த நோட்டீஸைக்கூடக் கொடுக்காமல் இருக்கத்தான் எண்பது ராஜினாமா.

ஃபோர்டில் கிடைத்ததும் நிரந்தரத் தொழிலாளருக்குத்தான். கேன்டீன், ஹவுஸ்கீப்பிங், லோடிங் ஒப்பந்த ஆட்கள் அந்தப் பேரத்துக்கு வெளியே. எங்கள் கட்டடத்திலும் அப்படியே. அங்கே தரை துடைத்த அக்காமார்களில் ஒருவர் எங்கள் தெரு. நான் ஃப்ளோரில் இருக்கும்போது என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார், எனக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமாம். ஆறு ஆண்டு அங்கே வேலை செய்தார். அந்த ஆறு ஆண்டில் மூன்று கான்ட்ராக்டர் மாறினார்கள். மாப்பும் பக்கெட்டும் ஆளும் மாறவில்லை, சீருடையின் முதுகில் இருந்த எழுத்துதான் மாறியது. கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டு தொடர்ச்சியான சர்வீஸ் கேட்பார்கள். காகிதத்தில் அவருக்கு எந்தக் கான்ட்ராக்டரிடமும் ஐந்து ஆண்டு இல்லை. நாங்கள் ஏழு பேர் சமரச அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் மனுவில் அவர் பெயர் இல்லை. சேர்க்க வேண்டும் என்று கேட்டபோது உடன் இருந்தவர் ஒருவர், "அவங்க வேற கேட்டகரி, நம்ம கேஸ் வீக் ஆயிடும்" என்றார். கான்ட்ராக்டர் பாக்கி வைத்த கூலியை முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எங்கள் எட்டாவது மனுவாக அது போயிருக்கலாம், போகவில்லை. அந்த ஆளும் அப்படி ஒன்றும் கெட்டவர் இல்லை. 'கேட்டகரி' என்ற சொல் அவருக்கு அவ்வளவு எளிதாக வாயில் வந்தது, அவ்வளவுதான்.

தொழிலாளர் ஒற்றுமை என்று நம் ஆட்களிடம் யாராவது பேச வந்தால் எனக்குப் புளியந்தோப்பு நினைவுக்கு வரும். 1921இல் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்னாடிக் மில்லில் வேலைநிறுத்தம். மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெருமளவில் வேலைக்குப் போனார்கள், எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். அதற்காகப் புளியந்தோப்புச் சேரிக் குடிசைகள் எரிந்தன. கருங்காலிகள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன வரலாற்றுக்காரர்கள் உண்டு. வேலைநிறுத்தக் காலத்தில் யார் வீட்டில் அடுப்பு எரிய வழி இருந்தது, யாருக்கு ஊரில் கடன் கொடுக்க ஆள் இருந்தது, யாருக்கு மில் கூலியைத் தவிர ஒன்றுமே இல்லை என்று கேட்டவர்கள் குறைவு. பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோரை விடுவதில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும், அதுதான் காரணம். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள் என்றார். அதே அம்பேத்கர்தான் 1938இல் வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் மசோதாவை எதிர்த்துப் பம்பாயில் தொழிலாளர்களைத் திரட்டினார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

வேலை போன பிறகு நடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கால் சென்டரில் சாதி இல்லை என்பார்கள். உள்ளே போகும்போது ஓரளவு உண்மைதான். அவர்களுக்குக் குரல் வேண்டும், குரலுக்கு ஆங்கிலம் வேண்டும், அதோடு சரி. தாம்பரத்தைச் சுற்றி எத்தனை காலனிப் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் மாதச் சம்பளம்! ஆனால் அடுத்த வேலை ரெஃபரல் வழியாக வருகிறது. மூடிய அடுத்த வாரமே சிலர் வேறு கம்பெனியில் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே மாமா மேனேஜர், அண்ணனின் நண்பர் டி.எல். நம் பிள்ளைகளுக்கு மாமா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு வந்த அழைப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கான வாய்ப்பு 0.67 மடங்குதான். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே என்று பெருமைப்படுவோம். இங்கே அது வேறு கேள்வியாக வரும்: "நேட்டிவ் எது?" "அப்பா என்ன பண்றார்?" "முடிச்சூர்ல எந்தப் பக்கம்?"

கையெழுத்துப் போட்ட அந்தத் தோழிக்கு அடுத்த வேலை கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. குறைந்த சம்பளத்தில், பல்லாவரத்தில் ஒரு துணிக்கடை பில்லிங்கில்.

இப்போது விதிகளும் மாறிவிட்டன. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. 15 நாள் கணக்கு அப்படியே இருக்கிறது. ஆட்குறைப்பானவருக்கு மறுபயிற்சி நிதி என்று முதலாளி இன்னொரு 15 நாள் சம்பளம் கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் நம் கணக்குக்கு வர வேண்டும். ஆனால் மூட அனுமதி வேண்டிய ஆலைகளின் அளவு 300 பேராக உயர்ந்துவிட்டது. மூன்று ஆண்டுவரை வழக்குக்குப் போகலாம் என்று இருந்தது இரண்டு ஆண்டாகச் சுருங்கிவிட்டது. காத்திருக்க முடியாதவனுக்கு நீதிமன்றம் தாமதமாகத்தான் வரும், ஆனால் அவன் தாமதமாக வரக்கூடாது! ஆட்குறைப்பு நிதியும் ராஜினாமா கொடுத்தவருக்குக் கிடையாது என்பதைக் கவனியுங்கள். அந்தத் தாளின் விலை இன்னும் 15 நாள் கூடியிருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். உலகம் முழுக்க தன் ஊழியர்களில் 2 சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. அது செய்தித்தாளில் வந்தது. சாட்பாட் வந்துவிட்டது என்று சொல்லி 40 பேர், 60 பேர் என்று வாய்ஸ் ப்ராசஸ்கள் ஓசையில்லாமல் காலியாவது செய்தியில் வராது. என் ஃபோனுக்குத்தான் வருகிறது.

நாங்கள் சேலையூரில் ஒரு வேலை செய்கிறோம். பெரிதாக ஒன்றுமில்லை, மாதம் ஆளுக்கு 200 ரூபாய் போட்டு ஒரு பொதுப் பணம். சீட்டு மாதிரிதான், ஆனால் ஏலம் கிடையாது. ராஜினாமாவில் கையெழுத்துப் போட மறுத்தவருக்கு முதல் இரண்டு மாத வாடகை அதிலிருந்து. இதுவரை ஐந்து பேருக்குக் கொடுத்திருக்கிறோம், மூன்று பேர் திருப்பித் தந்துவிட்டார்கள், ஒருவர் பாதி தந்திருக்கிறார். வழக்கறிஞர் தோழர்கள் நமக்கு இருக்கிறார்கள், கூட்டம் போட ஆள் இருக்கிறது, ஏப்ரல் 14க்கு பேனர் அடிக்கப் பணம் இருக்கிறது. வாடகைக்குப் பணம் வைத்திருக்கும் அமைப்பு ஒன்றைக் காட்டுங்கள், நான் வந்து பார்க்கிறேன். ஹவுஸ்கீப்பிங் அக்காமாரும் சேரலாம் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்தோம். இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

போன வாரம் இரவு பதினொரு மணிக்கு இரும்புலியூரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். நாளைக் காலை பத்து மணிக்கு ஹெச்.ஆர். அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், என்ன செய்வது அண்ணே என்றான். சொன்னேன்: இன்று இரவே சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம், பி.எஃப். பாஸ்புக் எல்லாவற்றையும் உன் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடு. காலையில் லாகின் இருக்காது. தாளை நீட்டினால் 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன், நகல் கொடுங்கள்' என்று மட்டும் சொல். கதவைச் சாத்திக் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கிவிட்டால் பயப்படாதே, வெளியே வந்து ஒரு மணி நேரத்துக்குள் 'என் விருப்பமில்லாமல் வாங்கப்பட்டது' என்று அவர்களுக்கே மெயில் போடு. நேரமும் அறையில் இருந்தவர்களின் பெயரும் எழுது. சம்பளம் 21,000க்குக் கீழே என்றால் இ.எஸ்.ஐ. அட்டையையும் எடுத்து வை, வேலையிழப்புத் தொகைக்கு அங்கே கேட்டுப் பார்க்கலாம். உன் டீமில் இன்னும் எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்?

"பதினாலு பேர்ணே."

அவர்களுக்கும் இதை அனுப்பு என்றேன். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். 6,500 என்றான். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எல்லோரையும் சேலையூருக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.